சிவப்பு வந்தால் வேண்டாம்

மோட்டாருக்குக் கரண்ட் வந்தால்தான் சாமிக்குத் தண்ணி, சாமி குளித்தால்தான் பூக் கேட்க முடியும், அதுவரைக்கும் எல்லாரும் இப்படி நிழலாக உட்காருங்கள் என்று சொல்லிவிட்டுப் பூசாரி கோயிலுக்குப் பின்னால் பீடி குடிக்கப் போய்விட்டார். பூபதியைச் சும்மா உட்கார வைத்தால் போதும், அவன் மண்டைக்குள் ஒரு சந்தையே கூடிவிடும். கருப்பராயன் காலடியில், நட்டு வைத்த வேல்களுக்கு நடுவில், பழைய பேப்பரில் மடித்த இரண்டு பொட்டலங்கள் கிடந்தன. ஒன்றில் வெள்ளரளி, ஒன்றில் செவ்வரளி என்று அவன் அம்மா ருக்குமணி நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் பெண்டாட்டி தாரணியும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கருப்பராயன் என்ன நினைத்தாரோ, அவர் கண்ணை உருட்டிக்கொண்டு நேராகப் பூபதியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளை வந்தால் தாரணி புது வேலைக்குப் போகட்டும், சிவப்பு வந்தால் வேண்டாம், பிள்ளையைப் பெற்று வளர்த்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அம்மா பேச்சு. மடிக்கிற ஆள் எடுக்கக் கூடாது, அதனால் மாப்பிள்ளை மடிக்கட்டும், அம்மிணி எடுக்கட்டும் என்பது பூசாரி பேச்சு. தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்று மடித்த பூபதி, தூணோரம் இருந்த பூக்கூடையிலிருந்து இன்னொரு செவ்வரளியை எடுத்து, இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்துவிட்டு வெள்ளரளியை மதில் தாண்டி வேலிக்குள் சுண்டி எறிந்துவிட்டான். இது யார் பேச்சையும் கேட்டுச் செய்ததல்ல.

வேண்டுமென்றே செய்யவில்லை என்றுதான் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். யாரிடம்? தன்னிடம்தான், வேறு யார் கேட்கப் போகிறார்கள். கை தானாகச் செய்துவிட்டது. கை தானாகச் செய்யுமா, செய்யும், அவன் வேலை பார்க்கிற சாயப்பட்டறை லேபில் சாயக் கரைசலைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சும்போது கை தானாகத்தானே செய்கிறது, கண் ஒரு பக்கம் நினைப்பு ஒரு பக்கம் இருந்தாலும் கை சரியாக நிற்கும். ஆனால் அங்கே தப்பு வந்தால் துணியை வெளுத்து மறுபடி போடலாம். இங்கே? இங்கேயும் இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கரண்ட் வரவில்லை. இப்போது எழுந்துபோய், பூசாரி ஐயா, பொட்டலம் சரியா மடிக்கலைங்க, பிரிஞ்சிருச்சு, மறுபடி மடிக்கிறனுங்க என்று சொன்னால் முடிந்தது. எழுந்திரு பூபதி. எழுந்திருக்கலாம், கொஞ்சம் பொறுத்து. வெயில் மண்டபத்துப் படி வரைக்கும் ஏறிவிட்டது. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே, “ஏஞ்சாமி, வேர்த்து ஊத்துது பாரு, சட்டையக் கழட்டிப்போட்டு உக்காரு” என்றாள். பக்கத்தில் இருந்த தாரணி தண்ணி பாட்டிலை மூடி திறந்து நீட்டினாள். மூடியைக்கூடத் திறந்து கொடுக்கிறாள். இதுதான், இதுதான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வருவது. கெட்டிக்காரியாகவும் இருக்கிறாள், நல்லவளாகவும் இருக்கிறாள், ஒருத்திக்கு இரண்டும் எதற்கு? ஒன்றை அடுத்தவனுக்கு விட்டுக்கொடுத்தால் என்ன குறைந்துபோய்விடும்?

அவளுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்ததே அவன்தான். அதை அவன் மறக்கவே மாட்டான், எழுந்தாலும் படுத்தாலும் அதே நினைப்பு. திருப்பூர் சாயப்பட்டறை லேபுக்கு அவள் டிரெயினியாக வந்த காலத்தில், கண்ணைப் பறிக்கிற மஞ்சள் சுடிதாரோடு, நிறம் ஒப்பிட்டுப் பார்க்கிற விளக்குப் பெட்டி முன்னால் வந்து நின்றாள். நீ போட்டிருக்கிற மஞ்சள் துணியில் விழும், சாம்பல் கோட்டு மாட்டிக்கிட்டு வா என்று விரட்டியது யார்? பூபதி. துணித் துண்டை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிப் பிடிக்கக் கூடாது, பக்கத்தில் பக்கத்தில் விளிம்பு முட்டப் பிடிக்க வேண்டும் என்று கையைப் பிடித்துக் காட்டியது யார்? அந்தக் கையைப் பிடித்ததில்தான் கல்யாணம் வரைக்கும் போனது, அது வேற கதை. சொல்லிக்கொடுத்ததை அவள் வாங்கிக்கொண்டாள் என்றால் பரவாயில்லை, அவனிடம் இல்லாததையும் எங்கிருந்தோ கொண்டுவந்துவிட்டாள். லேபில் எல்லாருக்கும் கண் பரிசோதனை வைத்தார்கள், சின்னச் சின்ன வண்ண மூடிகளைக் கலைத்துக் கொட்டிவிட்டு, சாயல் மாறாமல் வரிசையாக அடுக்கச் சொல்கிற பரிசோதனை. தாரணி ஒன்றுகூடத் தப்பாமல் அடுக்கினாள். பூபதி பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் போய் முட்டிக்கொண்டு நின்றான். மேனேஜர் எல்லார் முன்னாலும், “என்னப்பா, குருவை மிஞ்சின சிஷ்யையா இருக்குது?” என்று சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். பூபதிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை, வாய்வு என்று சொல்லிச் சமாளித்தான்.

அப்புறம் அந்த மயில் நீலம். ஐயோ, அந்த மயில் நீலம். அவன் பார்த்துச் சரி என்று சொன்ன துண்டை அவள் எட்டிப் பார்த்து, “ஏனுங்க, கொஞ்சம் சிவப்பு ஏறியிருக்குதுங்க” என்றாள், மெதுவாகத்தான், யார் காதிலும் விழாமல்தான். உன் கண்ணுக்கு எல்லாமே சிவப்பு ஏறித்தான் தெரியும் என்று துண்டைப் பிடுங்கி அனுப்பிவிட்டான். அத்தனை துணியும் திரும்பி வந்தது. லாரியிலிருந்து இறக்கி அடுக்கும்போது வெயிலில் பார்த்தால் குருடனுக்கும் தெரிகிறது, சிவப்பு ஏறித்தான் இருந்தது. நான் அப்பவே சொன்னனே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவன் சண்டை பிடித்திருப்பான், சண்டை பிடித்து ஆறியிருப்பான். சொல்லவே இல்லை. அன்றைக்கு அவனுக்குப் பிடிக்குமென்று அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி வைத்தாள். நெய் வேறு. 

சரி, அதெல்லாம் போகட்டும், நம்ம பெண்டாட்டி நம்ம லேபில் கெட்டிக்காரியாக இருந்தால் நமக்குத்தானே பெருமை என்று ஒரு மாதிரி மனசைத் தட்டிப் படுக்கவைத்திருந்தான். அப்போதுதான் அந்த வேலை வந்தது. வெளிநாட்டுத் துணிக்கடைக்காரனுடைய ஆபீஸ், கோயம்புத்தூரில். அந்தக் கடைக்குப் போகிற துணிக்குத் திருப்பூரில் யார் சாயம் போட்டாலும் ஒரு துண்டு நறுக்கி அங்கே அனுப்ப வேண்டும். அங்கே உட்கார்ந்து, இது சரி, இது ஆகாது என்று சொல்கிற வேலை தாரணிக்கு. யோசித்துப் பாருங்கள். பூபதி இங்கே வேர்க்க விறுவிறுக்கச் சாயம் கலந்து, துணியைக் கொதிக்கவைத்து, காயவைத்து, நறுக்கி, உறையில் போட்டு அனுப்புவான். அங்கே ஏசி ரூமில் அவன் பெண்டாட்டி அதை எடுத்துப் பார்த்து, ஆகாது, மறுபடி போடச் சொல்லுங்க என்பாள். ராத்திரி வீட்டுக்கு வந்து தோசை ஊற்றுவாள். ஒரு தோசை முறுகலாக, ஒரு தோசை மெத்தென்று, எது வேணுமுங்க என்று கேட்பாள். எந்த வாயால் அவன் பதில் சொல்லுவான்? லேப் பையன்கள் என்ன பேசுவார்கள் என்பது இப்போதே காதில் விழுகிறது. அண்ணா, அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாஸ் பண்ணச் சொல்லுங்கண்ணா. கொழுப்பெடுத்தவன்கள். சொல்லத்தான் சொல்லுவான்கள்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது, அதை அவன் நினைக்காமல் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தான், மாடு செக்கைச் சுற்றுகிற மாதிரி, ஆனால் செக்கு நடுவில் இருக்கத்தானே செய்கிறது. அந்த வேலைக்கு அவனும் கேட்டிருந்தான். தாரணிக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாது. அவளைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே எழுதிப் போட்டிருந்தான், சர்வீஸ் அவனுக்குத்தானே ஜாஸ்தி. அவனுக்கு ஒரு ஃபோன்கூட வரவில்லை. அவள் கேட்கவே இல்லை, எங்கேயோ யாரோ சொல்லி அவர்களாகவே அவளைக் கூப்பிட்டார்கள். ஃபோனில் பேசி முடித்துவிட்டு அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவனும் கட்டிக்கொண்டான். அவள் தோளுக்கு மேலே அவன் முகம் எப்படி இருந்தது என்று சுவரில் மாட்டியிருந்த காலண்டருக்குத்தான் தெரியும்.

அந்த நிமிஷம்தான் அவன் வாயில் வந்தது, அப்போ குழந்தை? என்று. நல்ல கேள்விதான். நாலு வருஷமாகத் தங்கச்சி கல்யாணம், வீட்டு வேலை என்று தள்ளித் தள்ளிப் போட்டு, இந்தத் தையிலிருந்து பார்க்கலாம் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். பிள்ளைக்கு முன்னாலேயே போடச் சொல்லி டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சத்து மாத்திரையைத் தாரணி தினமும் விடாமல் போட்டுக்கொண்டிருந்தாள். அவன்தான் அதைப் பற்றி அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை, பிறந்தால் பிறக்கட்டும் என்று இருந்தான். வேலை வந்த நாளிலிருந்து பார்த்தால், அடேயப்பா, பூபதிக்குப் பிள்ளை ஆசை பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. ரோட்டில் போகிற குழந்தையைப் பார்த்தால் நின்று கன்னத்தைக் கிள்ளினான். உனக்கு முப்பத்தொண்ணு ஆகுது தாரணி என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான். கோயம்புத்தூருக்குத் தினமும் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போனால் தங்குமா என்று கேட்டான். அப்புறம் உடனே, உன் இஷ்டம், நான் குறுக்க நிக்கமாட்டேன் என்பான். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, இங்கே பிள்ளை பிறக்கவே இல்லை, அதற்குள் இவன் கிள்ளவும் ஆட்டவும் ஆரம்பித்துவிட்டான். அம்மா காதில் போட்டு வைத்ததும் அவன்தான். அம்மா சும்மா இருப்பாளா, பூக் கேட்காமல் நம்ம வீட்டில் கிணறு வெட்டினதில்லை, பொண்ணெடுத்ததில்லை, இதற்கு மட்டும் கேட்காமல் விடுவதா என்று கிளம்பிவிட்டாள்.

தாரணி அதற்கும் சரி என்றாள். அதுவாவது போகட்டும். அந்த ஆபீஸ்காரன் அவளிடம், குழந்தை விஷயம் எதும் யோசிச்சிருக்கீங்களா என்று சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறான். வேற யாராயிருந்தாலும் அதெல்லாம் இல்லைங்க என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள். இவள், “ஆமாங்க சார், இந்த வருஷம் பாக்கறோமுங்க, மறைச்சுட்டு வர எனக்கு இஷ்டமில்லீங்க” என்றாளாம். அவன், பரவாயில்லை, நீங்கள் வாங்க, லீவு நேரத்தில் நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம், திங்கட்கிழமைக்குள் முடிவு சொல்லுங்க என்றானாம். பாருங்கள் அநியாயத்தை. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று பூபதி உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தபோது, ஊரே கூடி அவளுக்குக் கூழையும் கொடுத்து மீசையையும் துடைத்துவிடுகிறது. அவனுக்கு ஒரு ஃபோன்கூட இல்லை. பொய் சொல்லியிருந்தாலாவது அவளைக் கொஞ்சம் கீழே வைத்துப் பார்த்திருக்கலாம். உண்மையைச் சொல்லியும் கிடைக்கிறதென்றால் அப்புறம் அவனைப் போன்றவன் எங்கே போய் நிற்பது? பொறாமைதான். வேற என்ன பேர் வைப்பது? அக்கறை என்று பேர் வைத்துப் பார்த்தான், பயம் என்று வைத்துப் பார்த்தான், குடும்பம் என்று வைத்துப் பார்த்தான், எல்லாச் சாயமும் ஒரு தண்ணிக்குக்கூட நிற்கவில்லை. இன்றைக்குப் பேப்பரை மடிக்கும்போது தூணுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் குரல் கேட்டது, “அத்தை, வெள்ளை வந்துருமுங்களா?” என்று, சின்னப் பிள்ளை மாதிரி. அந்த ஆசை. அவ்வளவு ஆசையா உனக்கு? அப்போதுதான் கை வெள்ளரளியைச் சுண்டியது. கை தானாகச் செய்யவில்லை. இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது, அவன்தான் செய்தான்.

மோட்டார் உறுமியது. குழாயில் முதலில் காற்றும் அப்புறம் தண்ணியும் கொப்பளித்தது. “வந்துருச்சு, வந்துருச்சு” என்று அம்மா எழுந்தாள். பூசாரி குடத்தோடு உள்ளே போய்விட்டார். எழுந்திரு பூபதி, இதுதான் கடைசி. பொட்டலம் பிரிந்துவிட்டது என்று சொல்லு. எறும்பு ஏறிவிட்டது என்று சொல்லு. வாயில் வந்தது என்னவோ, “தாரணி, செருப்பக் கழட்டிட்டு வா” என்பதுதான். அவள் எப்போதோ கழற்றிவிட்டிருந்தாள். கற்பூரம் எரிந்தது. மணி அடித்தது. பூசாரி, “மனசுல நெனச்சுட்டு ஒண்ண எடுங்க அம்மிணி” என்றார். அவள் கண்ணை மூடி, ஒரு பொட்டலத்தைத் தொட்டு, அதை விட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தாள். எதை எடுத்தால் என்ன. பிரித்தாள். சிவப்பு.

“கருப்பராயா!” என்று அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். “பாத்தியா கண்ணு, நம்ம வீட்டுல தொட்டில் ஆடோணும்னு அந்தச் சாமியே சொல்லீருச்சு!” தாரணி பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்து, அதை விழாமல் நிறுத்திக்கொண்டாள். “சரிங்க அத்தை. சாமி சொன்னதுக்கப்புறம் என்னங்க” என்றாள். அப்புறம் பூபதி பக்கம் திரும்பி, அவன் முகம் வெளிறியிருந்ததைப் பார்த்துவிட்டு, “நீங்க ஒண்ணும் வருத்தப்படாதீங்க. எனக்கு வேற வராமயா போயிரும்?” என்று அவனுக்கே ஆறுதல் சொன்னாள். பூபதிக்குச் சந்தோஷம் வந்தது. பொய் சொல்லக் கூடாது, வந்தது, உள்ளங்கால் வரைக்கும் ஒரு குளிர்ச்சி இறங்கியது, அப்பாடா, இனி ஒரே லேப், ஒரே பெஞ்சு, ஒரே உசரம். அம்மா திருநீறு வாங்கப் பூசாரியோடு உள்ளே போனாள். தாரணி குனிந்து, “அந்த வெள்ளையக் கொண்டுபோயி வேப்பமரத்துப் பிள்ளையாருக்கு வெச்சுட்டு வர்றனுங்க, பாவம், அதும் சாமிக்குன்னு வந்த பூவுதானே” என்று கையை நீட்டினாள்.

“இரு, நான் எடுக்கறேன்.” அவன் பாய்ந்த பாய்ச்சலில் வேல் ஒன்று ஆடியது. இரண்டு பேர் கையும் ஒரே பொட்டலத்தில் விழுந்தது. பழைய பேப்பர் எத்தனை நேரம் தாங்கும்? கிழிந்து, செவ்வரளி அவள் கால் விரலில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். இரண்டு பூவையும் எடுத்துக்கொண்டு மண்டபத்து இருட்டை விட்டுப் படியிறங்கி வெயிலுக்குப் போனாள். அங்கே நின்று, ஒன்றின்மேல் ஒன்று படாமல், பக்கத்தில் பக்கத்தில், இதழோடு இதழ் முட்டப் பிடித்துப் பார்த்தாள். லேபில் அவள் எப்போதும் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள், அவசரப்படாமல். பூபதி பின்னாலேயே போய் நின்றான்.

“ரெண்டும் ஒண்ணுதானுங்க” என்றாள்.

“ஆமா.”

“எதுக்குங்க?”

குழந்தைக்காக என்று சொல்லலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் நம்பவும் நம்புவாள், அதுதான் கொடுமை. “அந்த வேலைய நானும் கேட்டிருந்தேன் தாரணி” என்றான். “என்னையக் கூப்பிடல. உன்னையக் கூப்பிட்டாங்க. எனக்குப் பொறுக்கல. அவ்வளவுதான்.”

அவள் பூக்களைக் கீழே போடவில்லை. பிள்ளையார் மேடை வரைக்கும் நடந்துபோய் இரண்டையும் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள். “போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே விட்டிருப்பனுங்க” என்றாள். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “குழந்தை வேணும்னு சொன்னீங்களே, அது நெசமுங்களா? அதாவது நெசமுங்களா?”

நிஜமா? பூபதி உள்ளே தேடினான். இருந்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. தை மாசத்தில் இருந்ததா, வேலை வந்த பிறகு வந்ததா, இப்போது இருக்கிறதா, இந்தப் பக்கம் எடுத்துப் பார்த்தால் ஒரு மாதிரி, அந்தப் பக்கம் எடுத்துப் பார்த்தால் இன்னொரு மாதிரி. ஆமா என்று சொல்ல வேண்டியதுதானே, ஒரு சொல், ஆமா. வாயைத் திறந்தான். அவள் காத்திருந்தாள். வெயிலில் அவ்வளவு நேரம் யாரும் நிற்க மாட்டார்கள், அவ்வளவு நேரம் நின்றாள். அப்புறம் ஃபோனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துக்குக் கீழே போனாள். ஞாயிற்றுக்கிழமையில் தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கோங்க சார் என்று ஆரம்பித்தாள். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்ததால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது.

“நான் சேந்துக்கறனுங்க சார். ஆமாங்க. இன்னொண்ணுங்க சார், குழந்தை விஷயம் சொல்லியிருந்தனுங்களே, அது வேண்டாமுங்க. இல்லீங்க, இப்போதைக்கு இல்லீங்க. அப்புறமும் தெரியலீங்க.”

அம்மா கை நிறையத் திருநீறும் முகம் நிறையச் சிரிப்புமாகப் படியிறங்கி வந்தாள். “யாருகிட்டடா பேசறா? வேலை வேண்டாம்னு இப்பவே சொல்லிட்டாளா? எம் மருமக தங்கம்டா” என்று சொல்லிக்கொண்டே அவன் நெற்றியில் பூசக் கையைத் தூக்கினாள். பூபதி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினான்.

“வேலைக்குப் போறேங்கறா அம்மா. குழந்தைதான் வேண்டாங்கறா” என்றான். “சாமி ஒண்ணுமே சொல்லல. நான்தான் ரெண்டுலயும் சிவப்பையே வெச்சேன்.”